அழுகை அடங்கிய பிறகு

1949ஆம் ஆண்டு லண்டன் மருத்துவமனைகள் குழந்தைகள் வார்டுக்கு வைத்திருந்த பார்வை நேரங்களின் பட்டியல் ஒன்று இன்றும் படிக்கக் கிடைக்கிறது. கைஸ் மருத்துவமனையில் ஞாயிற்றுக்கிழமை மட்டும், பிற்பகல் 2 மணியிலிருந்து 4 மணி வரை. வெஸ்ட் லண்டன் மருத்துவமனையில் பெற்றோருக்கு அனுமதியே இல்லை. லண்டன் மருத்துவமனையில் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளையைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டுப் போகலாம். செயின்ட் தாமஸில் முதல் ஒரு மாதம் பார்க்கக் கூடாது. ஆனால் மாலை 7 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் வந்தால், தூங்கிக்கொண்டிருக்கும் குழந்தையைப் பார்க்கலாம். தூங்கும்போது மட்டும்.

இந்த விதிகளை எழுதியவர்கள் குழந்தைகளை வெறுத்தவர்கள் இல்லை. தொற்று பற்றிய பயம் அவர்களுக்கு உண்மையிலேயே இருந்தது. அதோடு, தினமும் கண்ணெதிரே நடந்த ஒன்றும் அவர்கள் பக்கம் பேசியது. அம்மா வந்துவிட்டுப் போனால் குழந்தை அழுது தீர்க்கிறது. வராமலே இருந்தால் சில நாளில் அடங்கிவிடுகிறது. கொடுத்ததைச் சாப்பிடுகிறது, ஊசிக்குக் கையைக் காட்டுகிறது, தொந்தரவு இல்லை. பழகிவிட்டது என்றார்கள். நாமும் பிள்ளை அழாமல் இருந்தால் சமத்து என்றுதான் சொல்கிறோம். அழுகை அடங்க இரண்டு வழி உண்டு என்பது சட்டென்று தோன்றுவதில்லை. தேற்ற ஆள் இருந்ததால் அடங்குவது ஒன்று. கூப்பிட்டால் யாரும் வருவதில்லை என்று தெரிந்துபோய் அடங்குவது இன்னொன்று. வெளியே இருந்து கேட்கிற காதுக்கு இரண்டும் ஒரே அமைதி. கைக்குழந்தைக்கும் அதை வளர்ப்பவருக்கும் இடையே உண்டாகும் பிணைப்பைப் பற்றிக் கடந்த எழுபது எண்பது ஆண்டுகளில் மனிதர்கள் கற்றுக்கொண்டவற்றில் எனக்கு ஆகப் பெரியதாகப் படுவது, இந்த இரண்டு அமைதிகளையும் பிரித்தறியக் கற்றதுதான்.

அதை முதலில் சந்தேகப்பட்டவர்களில் ஒருவர் டாக்டரே அல்லர். ஜேம்ஸ் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். போர்க்காலத்தில் ஆன்னா ஃப்ராய்ட் லண்டன் ஹாம்ப்ஸ்டெட்டில் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலனைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்குச் சேர்ந்தவர். அந்த இல்லத்தில் ஒரு வழக்கம் இருந்தது. என்ன வேலை பார்ப்பவராக இருந்தாலும், குழந்தைகளிடம் கண்டதைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். ராபர்ட்சன் பார்க்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். 1948இல் லண்டன் டாவிஸ்டாக் கிளினிக்கில் மனநல மருத்துவர் ஜான் போல்பியிடம் வேலைக்குச் சேர்ந்து, வார்டு வார்டாகப் போய்ச் சின்னக் குழந்தைகளைக் கவனித்தார். அவர் கண்டதைச் சொன்னபோது டாக்டர்களும் நர்ஸுகளும் நம்பவில்லை. எங்கள் வார்டில் குழந்தைகள் சந்தோஷமாகத்தானே இருக்கிறார்கள் என்றார்கள். ஆகவே அவர் ஒரு கேமரா வாங்கினார். அதற்கு முன் சினிமா கேமராவைத் தொட்டதுகூட இல்லை.

1952இல் வெளிவந்த அந்தப் படத்தின் பெயர், 'இரண்டு வயதுக் குழந்தை மருத்துவமனைக்குப் போகிறது'. படம் லாரா என்று அழைக்கும் சிறுமிக்கு 2 வயது 5 மாதம். தொப்புளில் குடலிறக்கம், அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் தங்க வேண்டும். அழும் நேரமாகப் பார்த்துப் பொறுக்கி எடுத்தான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வார்டுக் கடிகாரமும் காட்சிகளில் தெரியும்படி ராபர்ட்சன் எடுத்தார். அப்படியும் அவருக்கு வாய்த்தது அதிகம் அழாத குழந்தை. வயதுக்கு மீறித் தன்னை அடக்கிக்கொள்ளும் பிள்ளை லாரா. ஒரு கணம் முகம் கோணுகிறது, உடனே சரிசெய்துகொள்கிறாள். ஏதோ விளையாட்டுக்கு நடுவில், குரலை உயர்த்தாமல், அம்மா எங்கே என்று கேட்கிறாள். கரடிப் பொம்மையையும், தன் பாப்பா என்று சொல்லிக்கொள்ளும் பழைய கம்பளித் துண்டையும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். அம்மா பார்க்க வரும்போது ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளவில்லை, முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எட்டாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது தன் சாமான் ஒவ்வொன்றையும் கவனமாக எடுத்துக்கொள்கிறாள், கிழிந்த புத்தகம் உட்பட. அம்மா கையை நீட்டுகிறாள். லாரா அந்தக் கையைப் பிடிக்காமல் நடக்கிறாள்.

சில மாதங்கள் கழித்து ராபர்ட்சன் இந்தப் படத்தை அவளுடைய பெற்றோருக்குப் போட்டுக் காட்டியபோது லாராவும் பார்த்துவிட்டாள். அதுவரை வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டதாகவே தோன்றியிருந்தது. விளக்கைப் போட்டதும் அவள் கொதித்துப்போய் அம்மாவிடம் கேட்டது, அப்போது நீ எங்கே போயிருந்தாய் என்பதுதான். கேட்டுவிட்டு வாய்விட்டு அழுதாள். ஆறுதலுக்கு அப்பாவிடம் போனாள்.

1952 நவம்பரில் லண்டனில் மருத்துவர்கள் கூடிய சபையில் படம் திரையிடப்பட்டபோது கோபம்தான் எழுந்தது. தொழிலையே அவமானப்படுத்துகிறீர்கள், இந்தக் குழந்தை விதிவிலக்கு, படத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றார்கள். ராபர்ட்சன் பின்வாங்கவில்லை. பிரிக்கப்பட்ட குழந்தை மூன்று கட்டங்களைக் கடக்கிறது என்று அவர் வகுத்தார்: முதலில் எதிர்ப்பு, பிறகு நம்பிக்கையிழப்பு, கடைசியில் விலகல். வார்டு 'பழகிவிட்டது' என்று மகிழ்ந்த கட்டம் இரண்டாவதும் மூன்றாவதும். கத்திக் கூச்சல்போடுகிற குழந்தை இன்னும் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது. அடங்கிய குழந்தை எதிர்பார்ப்பதை விட்டுவிட்டது. 1959இல், மருத்துவமனைக் குழந்தைகளின் நலனை ஆராய பிரிட்டனில் அமைத்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வரலாம், தாய் கூடவே தங்க வசதி வேண்டும் என்று பரிந்துரைத்தது. எல்லா வார்டும் அதை ஏற்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

போல்பிக்கு இதில் சொந்த வலி ஒன்றும் இருந்தது. 1907இல் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்து அந்த வர்க்கத்து வழக்கப்படி தாயை அவர் பார்த்தது நாளுக்கு ஒரு மணி நேரம்போல, வளர்த்தது ஆயா. அவருக்கு நான்கு வயது ஆனபோது அந்த ஆயா வேலையை விட்டுப் போனாள். பிற்காலத்தில் அதைத் தாயையே இழந்ததுபோல் என்று நினைவுகூர்ந்தார். வீட்டில் யாரும் அதை இழப்பு என்று நினைத்திருக்க மாட்டார்கள். வேலைக்காரி மாறினாள், அவ்வளவுதான்.

ஏன் இந்தப் பிணைப்பு என்ற கேள்விக்கு அன்றைய அறிவுலகம் வைத்திருந்த பதில் ஒரு சொல்லில் அடங்கும்: பால். ஃப்ராய்டின் வழி வந்தவர்களும் அவர்களைப் பரம எதிரிகளாக நினைத்த நடத்தையியல்காரர்களும் இந்த ஒன்றில் கைகோத்தார்கள். பசியைத் தீர்ப்பவரிடம் குழந்தை ஒட்டிக்கொள்கிறது, அன்பு அதன் பின்விளைவு. நடத்தையியல்காரரான ஜான் வாட்சன் 1928இல் எழுதிய குழந்தை வளர்ப்பு நூலில், பிள்ளையைக் கட்டி அணைக்காதீர்கள், முத்தமிடாதீர்கள், காலையில் கைகுலுக்குங்கள் என்று அறிவுரை சொன்னார். இதை லட்சக்கணக்கான தாய்மார்களுக்கு அறிவியல் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. தொட்டிலில் அழும் பிள்ளையைத் தூக்கத் துடிக்கும் கையை அவர்கள் புத்தகத்தை நம்பிக் கட்டிப்போட்டிருப்பார்கள்.

அந்தப் பதிலை உடைத்தது குரங்குக் குட்டிகள். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ, பிறந்ததும் தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குரங்குக் குட்டிகளுக்கு இரண்டு பொம்மைத் தாய்களை வைத்தார். ஒன்று வெறும் கம்பி, அதில் பால் புட்டி. மற்றொன்றின்மேல் மெத்தென்ற துணி, பால் கிடையாது. குட்டிகள் பாலுக்கு மட்டும் கம்பிக்குத் தாவிப்போய்க் குடித்துவிட்டு, நாளின் பெரும்பகுதியைத் துணித் தாயைக் கட்டிக்கொண்டு கழித்தன. பயமுறுத்தும் பொருளை வைத்தால் ஓடிவந்து ஒட்டிக்கொண்டதும் துணியைத்தான். கொஞ்சம் தேறியதும் அங்கிருந்து திரும்பிப் பார்த்தன, பிறகு இறங்கிப்போய்த் தொட்டுப் பார்க்கவும் செய்தன. 1958இல் ஹார்லோ இதை உலகுக்குச் சொன்னார். பிறகு அவர் குட்டிகளை மாதக்கணக்கில் தனிமையில் அடைத்துச் செய்த சோதனைகளை என்னால் மன்னிக்க முடிந்ததில்லை. ரீசஸ் குரங்கு வட இந்தியக் கோயில்களிலும் ரயில் நிலையங்களிலும் நாம் பார்ப்பதுதான். அமெரிக்க ஆய்வுக்கூடங்களுக்கு இந்தியாவிலிருந்து அவை ஆயிரக்கணக்கில் கப்பலேறின. 1978இல்தான் இந்தியா ஏற்றுமதியை நிறுத்தியது. தாயன்பைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் ஒரு பங்கு அந்தக் குட்டிகளிடமிருந்து பறித்தது.

போல்பி தந்த பதில், பரிணாமத்தைச் சார்ந்தது. மனிதக் குழந்தை பிறக்கும்போது அதன் மூளை வளர்ந்த மூளையின் அளவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. குரங்குக் குட்டிபோல் தாயின் ரோமத்தைப் பற்றித் தொங்கவும் முடியாது. தனியே விடப்பட்டால் செத்துப்போகும். ஆகவே பற்ற முடியாத கைக்குப் பதிலாகப் பெரியவரை அருகே இழுக்கும் உபாயங்களோடு பிறக்கிறது: அழுகை, பார்வை, பிறகு சிரிப்பு. பால் வேண்டும்தான். ஆனால் அருகாமை என்பது பாலின் உபரி இல்லை, அதுவே தனிப் பசி.

பிறந்த சிசு யார் கையில் இருந்தாலும் ஒன்று என்று நினைப்பது சரியில்லை. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் ரப்பர் காம்பையும் காதில் ஹெட்ஃபோனையும் வைத்தார்கள். சப்புவதற்கு நடுவே விடும் இடைவெளியை ஒரு விதமாக மாற்றினால் அம்மா கதை படிக்கும் குரல். வேறு விதமாக மாற்றினால் வேறொரு பெண்ணின் குரல். குழந்தைகள் அம்மாவின் குரல் வரும்படி சப்பும் தாளத்தை மாற்றிக்கொண்டன. வாசனையும் அப்படித்தான். தாய்ப்பால் ஊறிய பஞ்சை ஒரு பக்கமும் வேறு தாயின் பஞ்சை மறுபக்கமும் வைத்தபோது, பிறந்து ஆறு நாளான குழந்தைகள் தங்கள் தாயின் பக்கம் கூடுதல் நேரம் முகம் திருப்பியதை மக்ஃபார்லேன் 1975இல் காட்டினார். நம் வீடுகளில் தூளி கட்டுவதற்கு அம்மாவின் பழைய நூல் சேலையைத்தான் தேடுவார்கள். துவைத்துத் துவைத்து மெலிந்தது, உடம்பை உறுத்தாது என்று காரணம் சொல்வார்கள். ஆனால் அம்மா வெளியே போகும் நாளில் அன்று காலை அவள் அவிழ்த்துப்போட்ட, இன்னும் துவைக்காத சேலையைக் கொடியிலிருந்து உருவிக் கொண்டுவந்து பிள்ளையின் கன்னத்தோடு சேர்த்துப் போட்டுத் தட்டும் பாட்டிகளைப் பார்த்திருக்கிறேன். பிள்ளை அதில் மூக்கைப் புதைக்கும். வாய் ஒரு முறை சப்புக்கொட்டும். கால் உதைப்பது நிற்கும்.

ஆனாலும் முதல் சில மாதங்கள் குழந்தை தாராளமானது. ஆறு எட்டு வாரத்தில் வரும் அந்த முகம் பார்த்த சிரிப்பைத் தபால்காரருக்கும் கொடுக்கும். ஏழு எட்டு மாதம் வாக்கில் காட்சி மாறுகிறது. நேற்றுவரை தூக்கிக் கொஞ்சிய எதிர்வீட்டு மாமாவைக் கண்டு உதடு பிதுங்குகிறது. அம்மா குளிக்கப் போனால் கதவடியில் அழுகை. எங்கள் பக்கத்தில், ஆள் தெரிய ஆரம்பித்துவிட்டது என்பார்கள், அது அசல் கண்டுபிடிப்பு. இது வரும் காலம் தவழும் காலமாகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். நகர முடியாத குழந்தைக்கு ஆள் வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை இல்லை. தானாக நகர்ந்து அடுப்படிக்கோ கிணற்றடிக்கோ போகக்கூடிய குழந்தைக்கு, எங்கே திரும்பி வர வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். அப்பால் போகும் திறமையும் திரும்பி வரும் ஏக்கமும் ஒன்றாக முளைக்கின்றன.

இதை முதலில் வீடுகளுக்கே போய்ப் பார்த்தவர்களில் ஒருவர் உளவியலாளர் மேரி ஐன்ஸ்வொர்த். கணவரின் வேலைக்காக உகாண்டா போனவர், 1954–55இல் கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களைத் தொடர்ந்து போய்ப் பார்த்தார். கூடத்தில் அவர் கண்டது பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்று. அம்மா மடியிலிருந்து குழந்தை இறங்குகிறது, தவழ்ந்து போகிறது, பாதி வழியில் திரும்பிப் பார்க்கிறது, மேலே போகிறது, வந்து ஒரு முறை தொட்டுவிட்டு மறுபடி போகிறது. ஒட்டிக்கொள்ளும் பிள்ளை கோழையாகும் என்று எல்லோரும் சொன்னதற்கு நேர்மாறு. உறுதியான மடி இருக்கிற பிள்ளைதான் தூரம் போகிறது.

பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில் அவர் வகுத்த சோதனை உலகப் புகழ் பெற்றது. ஒரு வயதுக் குழந்தை, தாய், ஓர் அன்னியர், பொம்மைகள் உள்ள அறை, பெரும்பாலும் மூன்று மூன்று நிமிடமாக எட்டுக் கட்டங்கள். தாய் இரு முறை வெளியே போய்த் திரும்புவாள். பிரியும்போது குழந்தை அழுகிறதா என்பதை விட, திரும்பும்போது என்ன செய்கிறது என்பதில்தான் ஐன்ஸ்வொர்த் குறியாக இருந்தார். பெரும்பாலான குழந்தைகள் ஓடிவந்து ஏறிக்கொண்டு, தேறி, மறுபடி விளையாடப் போயின. சில, ஏறிக்கொண்டும் கோபம் அடங்காமல் அடித்தன. இன்னும் சில, அம்மா போனதையும் வந்ததையும் கண்டுகொள்ளாததுபோல் பொம்மையைத் திருப்பிக்கொண்டிருந்தன. நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஓராண்டை ஒட்டிய பருவத்துக்கு வருகை என்று பெயர் வைத்து, வா வா என்று குழந்தையை அழைக்கும் பாட்டுகளை அங்கே வைத்ததை நினைத்துக்கொள்கிறேன். குழந்தை நம்மிடம் வருமா என்பதுதான் அந்த வயதின் முழுக் கேள்வி என்று அவர்களும் கண்டிருக்கிறார்கள்.

கண்டுகொள்ளாத அந்தக் குழந்தைகள்தாம் இந்த வரலாற்றில் லாராவின் உடன்பிறப்புகள். ஆகச் சுதந்திரமான பிள்ளைகள் என்று பார்க்கிறவர்கள் மெச்சுவார்கள். ஆனால் 1970களில் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது, பொம்மையில் மூழ்கியதுபோல் தெரிந்த அந்தக் குழந்தைகளின் நெஞ்சும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. வீட்டில் போய்ப் பார்த்த குறிப்புகளின்படி, இவர்களில் பலர் அழுது வந்தபோது தள்ளிவிடப்பட்டவர்கள். ஒரு வயதுக்குள் ஒரு மனித உயிர் தன் துயரத்தை முகத்தில் காட்டாமல் இருக்கக் கற்றுவிடுகிறது. அப்படிக் கற்றதற்கு நாம் அதை மெச்சுகிறோம். சீக்கிரம் தூக்கப்பட்ட குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாக அழுதன என்று பெல்லும் ஐன்ஸ்வொர்த்தும் 1972இல் எழுதினார்கள். சின்ன ஆய்வு, எதிர்வாதங்களும் வந்தன. தூக்கித் தூக்கிக் கெடுக்கிறாய் என்று மருமகளிடம் சொல்வதற்கு முன் அதையும் கணக்கில் எடுக்கலாம்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்காக ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. எட்வர்ட் ட்ரானிக் 1970களில் செய்த சோதனையில், குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய் சில நிமிடம் முகத்தைக் கல்போல் வைத்துக்கொள்வாள். குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கத்தும், பிறகு முகத்தைத் திருப்பித் துவளும். அந்தக் காட்சியைப் பார்த்து மிரண்டுபோய், செல்போனைப் பார்த்த ஒவ்வொரு நொடிக்கும் குற்றவுணர்வு கொள்ளும் இளம் தாய்களை எனக்குத் தெரியும். ட்ரானிக் சொன்ன மறுபாதியை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. நன்றாக இருக்கும் தாயும் சேயும்கூட ஒருவருக்கொருவர் ஒத்திசைந்து இருப்பது மொத்த நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மீதி நேரம் தவறவிடுவதும் மறுபடி பிடிப்பதும். அந்த மறுபடி பிடிப்பதில்தான் நம்பிக்கை உருவாகிறது. தவறாத தாயால் அதைக் கற்றுத்தர முடியாது.

தாய் மட்டும்தானா? போல்பி 1951இல் உலக சுகாதார நிறுவனத்துக்கு எழுதிய அறிக்கை, பெண்களை வேலையிலிருந்து வீட்டுக்குத் திருப்பி அனுப்ப நினைத்தவர்களுக்கு வாகாகப் போயிற்று. தாய் என்ற ஒற்றைப் புள்ளியில் அவர் அப்போது அளவுக்கு மீறி அழுத்தினார் என்றுதான் நினைக்கிறேன். கிளாஸ்கோவில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்த ஷாஃபரும் எமர்சனும் 1964இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஒன்றரை வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் ஒட்டியிருந்தன: அப்பா, தாத்தா, அக்கா. சோறூட்டியவரா, துணி மாற்றியவரா என்பது பொருட்டாக இல்லை. கூப்பிட்டால் திரும்பியவரும் கூட விளையாடியவரும்தான் பொருட்டு. கேமரூனின் ந்ஸோ மக்களிடம், அன்னியர் கையிலும் அமைதியாக இருப்பதுதான் நல்ல குழந்தைக்கு அடையாளம் என்று ஹைடி கெல்லர் எழுதியிருக்கிறார். அந்த அமைதி லாராவின் அமைதி இல்லை. பல கைகளில் வளர்ந்த பிள்ளைக்குப் புதுக் கை அச்சமூட்டவில்லை, அவ்வளவே. மார்கரெட் ட்ராவிக் தமிழ்க் குடும்பம் ஒன்றில் தங்கி எழுதி 1990இல் வெளியிட்ட நூலிலும், தாய் தன் பிள்ளைமேல் உள்ள பாசத்தை வெளியே காட்டாமல் அடக்குவதையும், வீட்டுப் பெண்கள் பிள்ளைகளைத் தங்களுக்குள் மாற்றி மாற்றி வளர்ப்பதையும் பார்க்கலாம். ஆகவே அமைதியை மட்டும் பார்த்து எதையும் தீர்மானிக்க முடியாது. அதன் பின்னால் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

ஆட்கள் என்றால் வேலையாட்கள் அல்லர். ராபர்ட்சனும் அவர் மனைவி ஜாய்ஸும் 1969இல் ஜான் என்ற 17 மாதக் குழந்தையைப் படமெடுத்தார்கள். இரண்டாவது பிரசவத்துக்காக அம்மா மருத்துவமனையில். ஒன்பது நாள் ஜான் ஒரு குழந்தைகள் இல்லத்தில். அங்கே இருந்த இளம் நர்ஸுகள் அன்பானவர்கள். ஆனால் அவர்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தது. குழந்தை பிரித்துக் கொடுக்கப்படவில்லை. ஒருத்தி குளிப்பாட்டுவாள், ஒருத்தி ஊட்டுவாள், மணியடித்தால் வேறொருத்தி. ஜான் ஒவ்வொரு நர்ஸாகத் தேர்ந்தெடுத்து அருகே போகிறான். அவள் பணிமுறை முடிந்து போய்விடுகிறாள். நாலைந்து நாளில் பெரிய கரடிப் பொம்மையில் முகம் புதைத்துக் கிடக்கிறான். கூட்டிப்போக வந்த அம்மாவின் பிடியிலிருந்து திமிறிக் கத்துகிறான். இரக்கத்துக்கு அங்கே பஞ்சமில்லை. அவனுக்கென்று ஒருவர் இல்லை.

இதன் கடைக்கோடி ருமேனியா. அங்கே ஆட்சியில் இருந்த சௌஷெஸ்கு 1966இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டன. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்தார்கள். வரிசை வரிசையாகத் தொட்டில்கள் உள்ள கூடங்களில் அழுகையே கேட்கவில்லை என்று உள்ளே போனவர்கள் திகைத்துச் சொன்னார்கள். அழுது யாரும் வந்ததில்லை, ஆகவே அழவில்லை. வேறு சில குழந்தைகள் முன்பின் தெரியாத விருந்தாளியின் மடியில் உடனே ஏறின. அதைப் பாசம் என்று நெகிழ்ந்தவர்கள் உண்டு. ஆள் தெரியாததன் விளைவு அது. சார்லஸ் நெல்சன், நாதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஜீனா ஆகியோர் புகாரெஸ்டில் 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துத் தொடர்ந்து பார்த்தார்கள். இரண்டு வயதுக்கு முன் குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பிணைப்பில் நன்றாக மீண்டன. தாமதமானவர்களுக்கு அது கடினமாயிற்று. இரண்டு வயதோடு கதவு அடைத்துவிடுகிறது என்று இதைப் படிப்பது தவறு. தாமதிக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் யாரோ ஒரு பிள்ளை விலை கொடுக்கிறது என்று படிப்பது சரி.

நம் ஊரில் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் வார்டுக்குள் போனால் லண்டனின் பழைய பட்டியல் அபத்தமாகத் தோன்றும். அம்மா கட்டிலில் பிள்ளையோடு ஒண்டிப் படுத்திருப்பாள், பாட்டி கட்டிலுக்கடியில் பாய் விரித்திருப்பாள். ஆள் பற்றாக்குறையால் வந்த ஏற்பாடாக இருக்கலாம். பிளாட் குழு கேட்டது அதைத்தான். ஆனால் பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவு வேறு. அங்கே பெரும்பாலும் தாய் கண்ணாடிக்கு வெளியே. பால் பீய்ச்சிக் கொடுத்துவிட்டு வராந்தாவில் உட்கார வேண்டியவள். 1978இல் கொலம்பியாவின் போகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் தவித்த டாக்டர் எட்கர் ரே, எடை குறைந்த குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் படச் சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு என்று அது பரவியபோதும், நிலை சீரான பிறகே என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டது. பிறந்தவுடனே செய்தால்? டெல்லி சஃப்தர்ஜங் உட்பட இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஐந்து மருத்துவமனைகளில், 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த 3,211 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். தாயின் கட்டிலைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு உள்ளேயே போட்டார்கள். நாளுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம் மார்போடு. 28 நாளுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாகக் குறைந்தது. பலன் தெளிவாகத் தெரிந்ததால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். முடிவுகள் 2021இல் வெளிவந்தன. உடல்சூடு, தாய்ப்பால், குறைந்த தொற்று என்று பல காரணங்கள் இதில் கலந்திருக்கின்றன. அவை எல்லாம் ஒரே இடத்தில், ஒரே ஆளிடம் இருந்தன.

நமக்கு இப்போது கடினமான இடம் மருத்துவமனையை விட வேலையிடம்தான். 2017இல் திருத்தப்பட்ட பேறுகாலச் சட்டம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. பிரசவத்துக்கு முன்பே எட்டு வாரம் வரை எடுத்திருந்தால் குழந்தைக்கு நாலு மாதம் ஆகும்போதே முடிந்துவிடும். முழுக்கப் பின்னால் வைத்துக்கொண்டாலும் ஆறு மாதம். குழந்தைக்கு ஆள் தெரியத் தொடங்குவதற்குச் சற்று முன்னால் தாய் வேலைக்குத் திரும்புகிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்றும் அதே திருத்தம் சொன்னது. கட்டடத்தில் கல் சுமப்பவளுக்கும் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்ப்பவளுக்கும் இதில் எதுவும் எட்டுவதில்லை. அவள் பிள்ளை மணல் மேட்டின் ஓரத்தில் மூத்த பிள்ளையின் இடுப்பில் இருக்கிறது. அந்த அக்காவுக்கு ஏழு வயது இருக்கும். பல சமயம் அவள்தான் அந்தக் குழந்தையின் ஆள்.

டே-கேருக்கு அனுப்ப முடிந்தவர்கள் அங்கே கேட்கும் அறிவுரை, "அங்க பாரு காக்கான்னு காட்டுறேன், நீங்க நைசா நழுவிடுங்க மேடம்" என்பது. குழந்தை திரும்பிப் பார்க்கும்போது அம்மா இல்லை. மறுநாளிலிருந்து அது காக்கையைப் பார்க்காது. அம்மா முந்தானையை விடாது. பெர்லினில் 1980களில் லேவனும் ஆன்ட்ரஸும் வகுத்த வழக்கம் வேறு. முதல் மூன்று நாள் பெற்றோர் அந்த அறையிலேயே ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பிரிவே கிடையாது. நான்காம் நாள் முதல் முறையாக, சொல்லிக்கொண்டு, சில நிமிடம் வெளியே போக வேண்டும். குழந்தையைக் கவனிக்க ஒரே பணியாளர், அவர் மாறக் கூடாது. சில குழந்தைக்கு ஒரு வாரம், சில குழந்தைக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும். குழந்தை பழகிவிட்டதா என்று முடிவு செய்ய அவர்கள் பார்ப்பது அது அழுகிறதா என்பதை அல்ல. அம்மா போகும்போது அழலாம். அழும்போது அந்தப் பணியாளர் தூக்கினால் தேறுகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். தேறவில்லை என்றால் அம்மாவை மறுபடி கூப்பிடுகிறார்கள்.